பாலத்தைக் கடந்தவள்

மெர்ரினின் எடை என் கைகளுக்குத் தெரியும். சண்டைக் காட்சிகளில் ரோப் கட்டி ஆளை அந்தரத்தில் தூக்குவதும் இறக்குவதும்தான் என் வேலை. ஆஸ்திரேலியாவில் எங்கள் கோல்ட் கோஸ்ட்டுக்குப் படமெடுக்க வருகிறவர்கள் கதாநாயகிக்கு டூப் வேண்டுமென்றால் முதலில் மெர்ரின் பாஸ்கோவைத்தான் தேடுவார்கள். அவள் ‘ரோப்புக்கு ட்ரூடி இருக்காளா?’ என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் சம்மதிப்பாள். கயிற்றின் மறுமுனையில் அவள் பயப்படுகிறாளா, சிரிக்கிறாளா, மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாளா என்பதெல்லாம் நிமிர்ந்து பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிடும். நடந்ததை நான் சொல்லக் காரணம், அவள் சொல்ல மாட்டாள் என்பதுதான்.

ஃபெர்கஸ் ட்ரான்டர் அவளுடைய சிறுவயதுச் சிநேகிதன். இருவரும் முர்வில்லம்பாவில் கரும்பு வயல்களுக்கு நடுவே அடுத்தடுத்த வீடுகளில் வளர்ந்தவர்கள். அந்த ஊர் மீன் வறுவல் கடையின் மூலையில் ஒரு வீடியோ கேம் பெட்டி இருந்ததாம். பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டு பேரும் அதன் முன்னால்தான் நிற்பார்கள். ஒரு குட்டி வீரன் முதலைகளைத் தாண்டி, உருண்டு வரும் பாறைகளைத் தாண்டி ஓடுவான். கடைசியில் ஒரு கோபுரத்தின் உச்சியில் இளவரசி ஒருத்தி கையை ஆட்டிக்கொண்டு நிற்பாள். விளையாட்டில் ஃபெர்கஸைவிட மெர்ரின்தான் கெட்டி. ஆனால் ஒவ்வொரு தடவை கோபுரத்தை எட்டும்போதும் அவளுக்கு எரிச்சல் வந்துவிடும். இவளுக்குக் கால் இல்லையா, பக்கத்திலேயே படிக்கட்டு இருக்கிறதே, இறங்கி வந்தால் என்ன என்று பெட்டியைப் பார்த்துத் திட்டுவாளாம். ஃபெர்கஸ் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

அவன் வளர்ந்து விளம்பரப் படங்கள் எடுத்தான். பிறகு யாரும் பார்க்காத, ஆனால் எல்லாரும் பாராட்டிய இரண்டு சின்னப் படங்கள். அதன்பிறகு ஓர் அமெரிக்கக் கம்பெனி அவனை நம்பி ஒரு பெரிய படத்தைக் கொடுத்தது. கதையும் அவனுடையதேதான். ‘பவளக் கோட்டை’ என்று பெயர்.

கதை சொல்ல மெர்ரினின் வீட்டுக்கு ஒரு பை நிறைய இறாலோடு வந்தான். கரம்பினில், கடல் சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கிறது அவள் வீடு. பின்வராந்தாவில் மூன்று பேரும் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டே கேட்டோம். பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிற ஒருவன், நிக் என்று பெயர், ஒரு பழைய வீடியோ கேமுக்குள் மாட்டிக்கொள்கிறான். ஓடுகிறான், சாகிறான், மறுபடி முதலிலிருந்து ஓடுகிறான். முதலை தின்று சாகிறான், தேங்காய் விழுந்து சாகிறான், தும்மியே சாகிறான். ஃபெர்கஸ் எழுந்து நின்று ஒவ்வொரு சாவையும் நடித்துக் காட்டினான். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. அந்த விளையாட்டில் கெஸ்ட்ரல் என்று ஒரு பெண். கோட்டையில் சிறைப்பட்டுக் காத்திருக்க வேண்டியது மட்டுமே அவள் வேலை. ஒவ்வொரு தடவை நிக் செத்ததும் ஆட்டம் புதிதாகத் தொடங்கும், அங்கே எல்லாருக்கும் எல்லாம் மறந்துபோகும். அவள் ஒருத்திக்கு மட்டும் மெல்ல மெல்ல ஞாபகம் வர ஆரம்பிக்கிறது. எந்தக் கல் சரியும், காவல் பூதம் எந்தக் கையை முதலில் ஓங்கும் என்று எல்லாம் தெரிந்துபோகிறது. கடைசியில் அவளே கட்டை அவிழ்த்துக்கொண்டு, தொங்கு பாலத்தைக் கடந்து, பூதத்தை வீழ்த்தி, நிக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறாள்.

மெர்ரின் இறால் உரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

“இந்த ஒரு படத்துலயாவது அவளை யாரும் காப்பாத்தப் போறதில்ல, மெர்ரின்,” என்றான் ஃபெர்கஸ். “அவளே இறங்கி வரப் போறா. அந்தப் பாலத்துச் சண்டையை நீதான் அமைக்கணும். வேற யார் பண்ணினாலும் எனக்கு வேண்டாம்.”

“கடைசி நேரத்துல ஒரு கவுனை மாட்டிவிட்டு ஓரமா நிக்க வச்சிட மாட்டியே?”

“உங்கம்மா கையால எத்தனை நாள் சாப்பிட்டிருக்கேன். உனக்குப் போய் அப்படிச் செய்வேனா?”

அவள் சிரித்தாள். அவ்வளவுதான், ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

கெஸ்ட்ரலாக நடிக்க சாஸ்கியா என்ற பெண்ணைப் போட்டார்கள். டூவூம்பாக்காரி. டிவி தொடரில் நர்ஸாக வந்துகொண்டிருந்தவள். உயரமென்றால் பயம். நாற்காலியில் ஏறி நின்றாலே முகம் வெளுத்துவிடும். மெர்ரின் அவளைத் தன் வீட்டிலேயே தங்கவைத்துக்கொண்டாள். காலையில் கடற்கரைக்கு இழுத்துப்போவாள். மணலில் ஒரு கட்டையைப் போட்டு நடக்கச் சொல்வாள், பிறகு கட்டையைக் கொஞ்சம் உயர்த்துவாள், பிறகு இன்னும் கொஞ்சம். விழுந்தால் எப்படி உருள வேண்டும், பயம் வந்தால் கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். படத்தில் ஆபத்தான பகுதி எதையும் சாஸ்கியா செய்யப் போவதில்லை. இருந்தாலும் அந்த உடம்பு எப்படி நினைக்கிறது என்று முகத்துக்குத் தெரிய வேண்டாமா என்பாள் மெர்ரின். சாஸ்கியா பார்க்கிறவர்களிடமெல்லாம், “நான் வெறும் முகம். உடம்பு இவதான்,” என்று மெர்ரினின் தோளில் சாய்ந்துகொண்டு சொல்வாள். மூன்று பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து இறைச்சி வைத்துச் சுட்ட சூடான பண்டம் தின்றுகொண்டு மற்றவர்கள் எடுத்த சண்டைப் படங்களைக் கேலி செய்த நாட்கள் அவை.

பாலத்துச் சண்டையை மெர்ரின் அமைத்த விதம் நான் முன்பின் பார்த்திராதது. பூதம் அவளைப்போல மூன்று மடங்கு கனம். அதனால் கெஸ்ட்ரல் ஓர் இடத்திலும் பலத்தால் அடிக்க மாட்டாள். அது கையை ஓங்குவதற்கு ஒரு நொடி முன்பே அவள் அந்த இடத்தைவிட்டு நகர்ந்திருப்பாள். பலகை உடைவதற்கு முன்பே காலை எடுத்திருப்பாள். ஆயிரம் தடவை இதையே பார்த்து அலுத்துப்போனவளின் சண்டை. “அவளுக்குக் கோபம்கூட இல்ல ட்ரூடி, சலிப்பு,” என்றாள் மெர்ரின். பாத்திரம் கழுவுகிற மாதிரி அந்தப் பூதத்தை அடித்து முடிக்க வேண்டும் என்றாள்.

ஒத்திகையில் ஒரு பலகை சறுக்கி மெர்ரின் விழுந்தாள். நான் இழுத்துப் பிடித்தும், வலது தோள் கம்பியில் மோதிக் காறை எலும்பு முறிந்தது. கம்பெனிக்காரர்கள் வேறு பெண்ணை வரவழைக்கலாம் என்றார்கள். ஃபெர்கஸ் முடியாது என்று நின்றான். அந்தக் காட்சியைக் கடைசிக்குத் தள்ளி, எலும்பு கூடும்வரை காத்திருந்தான். அந்த விஷயம் அவளை உருக்கிவிட்டது. கையைக் கட்டுப்போட்டுத் தொங்கவிட்டுக்கொண்டு என்னிடம், பார்த்தாயா, இவ்வளவு பெரிய படத்தை எனக்காக நிறுத்திவைத்திருக்கிறான் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

குணமான பிறகும் வலது தோளில் விழ அவளுக்குத் தயக்கம் இருந்தது. எல்லா உருளலையும் இடது பக்கமாக மாற்றினாள். அப்படி மாற்றியதில் அந்த அசைவுகளுக்கு ஒரு தனி அழகு வந்துவிட்டது. இறக்கையில் அடிபட்ட பறவை ஒரு பக்கமாகச் சாய்ந்து பறப்பதுபோல இருக்கும்.

நுமின்பா பள்ளத்தாக்கில் படமாக்கினோம். மழைக்காடு, காலெல்லாம் அட்டை. மெர்ரினின் உடை முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகளை ஒட்டினார்கள். சுற்றிலும் வழக்கத்தைவிட அதிகமாகக் கேமராக்கள். எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். சாஸ்கியாவின் முகத்தைக் கம்ப்யூட்டரில் ஒட்டும்போது பிசிறில்லாமல் வர வேண்டும் என்றான் ஃபெர்கஸ். அதில் சந்தேகப்பட எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

மெர்ரின் பாலத்தில் ஏறினாள். கீழே ஓடைப் பாறைகள். முடித்துவிட்டு அவள் மறுகரையில் கால் வைத்தபோது யூனிட் முழுக்க நின்று கைதட்டியது. நிக்காக நடித்த அமெரிக்க நட்சத்திரம் டெக்ஸ்டர் அன்றைக்குத் தனக்கு வேலையே இல்லாமல் வேடிக்கை பார்க்க வந்திருந்தான். நல்ல மனுஷன். தன்னை அந்தப் பாலத்தில் ஏற்றியிருந்தால் தன் அம்மாவுக்கு ஒரு டப்பாவில் போட்டுத்தான் அனுப்பியிருப்பார்கள் என்று சொல்லி எல்லாரையும் சிரிக்கவைத்தான். ஃபெர்கஸ் ஓடிவந்து மெர்ரினைக் கட்டிக்கொண்டு அழுதான். இது உன் படம், இது உன் படம் என்றான். அந்த அழுகை பொய்யில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதனால்தான் அவனை என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

அதன்பிறகு ஃபெர்கஸ் அமெரிக்கா போனான், எடிட்டிங் வேலைக்கு. முதலில் அடிக்கடி பேசினான். பிறகு குறைந்தது. சாஸ்கியாவும் அப்படியே. வேலை மும்முரம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

படம் வெளியாவதற்கு முன்னால் யூனிட் ஆட்களுக்கும் குடும்பங்களுக்கும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி ஏற்பாடு செய்தார்கள். ஃபெர்கஸ் கேட்டுக்கொண்டபடி மெர்ரின் தன் அம்மா பெரிலை அழைத்து வந்திருந்தாள். பெரில் அதுவரை மகளின் ஒரு படத்தைக்கூடப் பார்த்ததில்லை. டிவியில் வந்தால்கூட எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். மகள் விழுவதைப் பார்க்கப் பணம் வேறு கொடுக்க வேண்டுமா என்பாள். இந்தப் படத்தில் விழவே மாட்டேன், ஜெயிப்பேன் என்று சொல்லித்தான் மெர்ரின் அவளைக் கூட்டி வந்தாள். பெரில் முடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வந்திருந்தாள்.

படம் நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் பாதியில் தியேட்டரே குலுங்கியது. டெக்ஸ்டர் ஒவ்வொரு தடவை சாகும்போதும் பெரில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மெர்ரினும் சிரித்தாள். கெஸ்ட்ரல் திரையில் அதிகம் வரவில்லையே என்று மட்டும் எனக்கு உறுத்தியது. அவளுக்கு ஞாபகம் வர ஆரம்பிக்கிற இடம் வரும் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை.

பிறகு கோட்டை வந்தது. கெஸ்ட்ரல் ஒரு கம்பத்தில் காட்டுக் கொடிகளால் கட்டப்பட்டிருந்தாள். நாங்கள் படமாக்கியபோது முழுக்கைச் சட்டையும் கால்சராயும் கனத்த பூட்ஸும் போட்டிருந்தவள் அவள். இப்போது சட்டையில் கை இல்லை, கால்சராய் தொடைவரை கிழிந்திருந்தது, முடி நனைந்து கழுத்தில் ஒட்டியிருந்தது. உதட்டுச் சாயம் மட்டும் கலையவில்லை. கேமரா அவள் பாதத்தில் ஆரம்பித்து மெதுவாக, மிக மெதுவாக மேலே ஏறியது. முகத்துக்கு வந்ததும் அவள் “நிக்!” என்று கத்தினாள். அதன்பிறகு படம் முடிகிறவரை அவளுக்குப் பேச இருந்தது அந்த ஒரு சொல்தான்.

நிக் பாலத்தில் ஏறினான்.

முதல் அடி வைத்ததுமே என் கைகள் இறுகின. தோள் அகலமாக இருந்தது, கழுத்து தடித்திருந்தது, முகம் டெக்ஸ்டருடையது. ஆனால் பலகை உடைவதற்கு முன் காலை எடுத்த விதமும் பூதம் ஓங்குமுன் நகர்ந்த அலுப்பும் யாருடையவை என்று எனக்குத் தெரியாதா? அவன் இடது பக்கமாக உருண்டான். மறுபடியும் இடது பக்கமாக. தொங்கிய கயிற்றைப் பிடித்து அவன் ஆடியபோது அந்த எடை என் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தது. அவள் உடம்பின் அசைவை எடுத்துக் கம்ப்யூட்டரில் டெக்ஸ்டருக்கு ஒட்டிவிட்டு, அவளை வெளியே தள்ளியிருந்தார்கள். அந்தப் பாலத்துக்கு நிக் அதற்கு முன் வந்ததே இல்லை. பூதம் எந்தக் கையை ஓங்கும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? ஒருவரும் அதைக் கேட்கவில்லை. தியேட்டர் கைதட்டியது. முன்வரிசையில் எங்கள் ஆட்கள் சிலர் மட்டும் தட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பி மெர்ரினைப் பார்த்தார்கள்.

பெரில் மகளின் பக்கம் சாய்ந்து சொன்னது எனக்கும் கேட்டது.

“அந்தப் பையன் எப்படிக் குதிக்கிறான் பாரேன். அவங்கம்மா பாத்தா என்ன ஆவா.”

“ஆமாம்மா,” என்றாள் மெர்ரின்.

“உன்னோடது எப்ப வரும்?”

“முடிஞ்சு போச்சும்மா.”

“அய்யோ, நான் கண்ணை மூடிட்டிருந்தேனோ?”

திரையில் நிக் கொடிகளை அறுத்தான், கெஸ்ட்ரல் அவன் கழுத்தில் விழுந்து முத்தமிட்டாள்.

வெளியே கூடத்தில் ஃபெர்கஸ் கையில் கோப்பையோடு நின்றிருந்தான். எங்களைப் பார்த்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவனாகவே வந்தான். பெரிலைக் கட்டிக்கொண்டான். அவளைக் குடிக்க ஏதாவது வாங்கிக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டு மெர்ரினின் பக்கம் திரும்பினான். அவள் கேட்காமலே பேச ஆரம்பித்தான். அமெரிக்காவில் ஒரு ஷாப்பிங் மாலில் பொதுஜனத்துக்குப் போட்டுக் காட்டினார்களாம். பார்த்தவர்கள், கடைசியில் டெக்ஸ்டர் சும்மா நிற்கிறானே என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களாம். கம்பெனி பயந்துவிட்டது. தான் எவ்வளவோ போராடிப் பார்த்ததாகவும், படத்தையே பிடுங்கி வேறு ஆளிடம் கொடுத்துவிடுவோம் என்று அவர்கள் மிரட்டியதாகவும் சொன்னான். தொலைபேசியில் சொல்ல மனம் வரவில்லையாம்.

“அதான் அம்மாவைக் கூட்டிட்டு வரச் சொன்னியா?” என்றாள் மெர்ரின்.

“அது... நீ உடைஞ்சு போயிடுவியேன்னு. அம்மா பக்கத்துல இருந்தா...”

“நான் கத்த மாட்டேன்னு.”

அவன் தரையைப் பார்த்தான். உன் சண்டையில் ஓர் அசைவைக்கூட வெட்டவில்லை, முழுசாக இருக்கிறது, அதையாவது நான் காப்பாற்றினேன் என்றான். அவளுக்கு நன்மை செய்தவன் மாதிரியே சொன்னான். நான் அவனை அறைந்திருப்பேன். மெர்ரின் என் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள்.

எங்கள் தொழிற்சங்கத்தில் விசாரித்தோம். எடுத்ததை எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு என்று விட்டுவிட்டார்கள். படம் எங்கும் பிய்த்துக்கொண்டு ஓடியது. பாலத்துச் சண்டையைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. டெக்ஸ்டருக்குள் இப்படி ஒரு வீரன் ஒளிந்திருந்தானா என்று வியந்தார்கள்.

சில நாள் கழித்து சாஸ்கியா லாமிங்டன் கேக் பெட்டியோடு வந்தாள். மெர்ரின் அவளை உள்ளே விட்டாள். அவளும் ஏமாற்றப்பட்டவள்தானே என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். என்னைக் கேட்டால், அவளைத் தேற்றுவதற்கென்றே மெர்ரின் டீ போட்டாள். சாஸ்கியா கோப்பையைத் தொடவில்லை. நெடுநேரம் அழுதாள். பிறகு, மாலில் காட்டியது, எழுதிக் கொடுத்தது எல்லாம் உண்மையில்லை என்று சொன்னாள்.

“என்ன உண்மையில்ல?” என்றேன்.

“கம்பத்துல கட்டின சீன், பின்னாடி அமெரிக்காவுல எடுத்தது இல்ல ட்ரூடி. இங்கதான் எடுத்தாங்க. மெர்ரின் தோள் உடைஞ்சு வீட்டுல இருந்தாளே, அப்ப. நாலஞ்சு பேரை மட்டும் வச்சுக்கிட்டு.”

மெர்ரின் அடுப்பருகில் நின்றிருந்தாள். திரும்பவில்லை.

“அப்பவே டெக்ஸ்டரையும் நிக்க வச்சு அளவெல்லாம் எடுத்துட்டாங்க,” என்றாள் சாஸ்கியா. “அவன்கிட்ட அது ஏதோ பொம்மை செய்யறதுக்குன்னு சொன்னாங்க.”

அப்படியென்றால் பாலத்தில் ஏறுவதற்கு முன்பே எல்லாம் முடிவாகியிருந்தது. வெள்ளைப் புள்ளிகள் சாஸ்கியாவுக்காக ஒட்டப்பட்டவை அல்ல. ஃபெர்கஸ் காத்திருந்தது எலும்பு கூடுவதற்காக மட்டும் அல்ல. புதிதாகக் கூடிய எலும்போடு அவள் மேலே போனபோது, அது யாருக்காக என்று கீழே நின்ற அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறான்.

“நீ அப்ப எங்க தங்கியிருந்தே?” என்று கேட்டாள் மெர்ரின். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

சாஸ்கியாவுக்குப் புரிந்தது. “இங்கதான்,” என்றாள்.

“காலையில எனக்குச் சட்டை மாட்டிவிட்டு, முடி சீவிவிட்டுட்டு, அங்க போயிருக்கே.”

“யார்கிட்டயும் பேசக்கூடாதுன்னு சொன்னாங்க மெர்ரின். பேசினா படத்துலேர்ந்தே தூக்கிடுவோம்னாங்க. எனக்கு இது முதல் பெரிய படம். நீ எப்படியும் ஏறத்தான் போறேன்னு நினைச்சேன்.”

“பாலத்துல நான் ஏறினப்ப நீ கீழ நின்னு என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?”

எனக்கு ஞாபகம் இருந்தது. நம்ம பொண்ணு போறா பாரு என்று சாஸ்கியா கத்தினாள், இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு.

மெர்ரின் பெட்டியை மூடி அவள் கையில் கொடுத்தாள். வாசல்வரை கூடவே போனாள். கதவைச் சாத்துகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. திரும்பி வந்தவள் ஆறிப்போன அந்தக் கோப்பையைக் கழுவி, துடைத்து, மறுபடியும் கழுவினாள்.

பெரிலுக்கு அவள் எதையும் சொல்லவில்லை. ஆனால் பெரிலுக்கு மகளைத் தெரியாதா? எனக்குப் போன் செய்து, இவள் எதையோ மறைக்கிறாள், தோள் மறுபடியும் உடைந்துவிட்டதா என்று கேட்டாள். நான் சொல்லிவிட்டேன். பிறகு, தன்னை அந்தப் படத்துக்குக் கூட்டிப்போக முடியுமா என்று கேட்டாள்.

முர்வில்லம்பா தியேட்டரில் பகல் காட்சிக்கு இரண்டு பேரும் போனோம். பெரில் முதல் பாதியில் சிரிக்கவே இல்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பாலம் வந்தது. நிக் முதல் பலகையில் கால் வைத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஒவ்வொரு உருளலுக்கும் அந்தப் பிடி இறுகியது. கயிறு அறுந்து அவன் அந்தரத்தில் ஆடிய இடத்தில், “மெதுவாடி,” என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள். முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மீசை முளைத்த அந்த முகத்துக்குள் அவள் தன் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் கார் அருகில் நின்று கேட்டாள். “அந்தப் பையன் ஃபெர்கஸ், எங்க வீட்டு மேசையில உக்காந்து பாடம் எழுதினவன். அவனா?”

“அவன்தான்.”

“நான் அவனைக் கட்டிப்பிடிச்சேனே, அன்னிக்கு,” என்றாள்.

இரண்டாம் பாகம் முடிவானதும் ஃபெர்கஸ் மெர்ரினைக் கூப்பிட்டான். பர்லி கடற்கரையில் ஒரு காபிக் கடை. நானும் வர வேண்டும் என்றாள் அவள். ஃபெர்கஸ் இளைத்திருந்தான். இந்தத் தடவை முழுப் படத்துக்கும் ஸ்டண்ட் மாஸ்டர் அவள்தான் என்றான். கெஸ்ட்ரலை இந்தப் பாகத்தில் சரியாகக் கொண்டு வந்துவிடுவேன், முதல் பாகத்தில் செய்ததற்கு ஈடு கட்டிவிடுவேன் என்றான். கம்பெனியின் கைக்குள் இருந்தால்தானே உள்ளே இருந்து மாற்ற முடியும் என்றும் விளக்கினான். நன்றாகவே பேசினான். முன்பு இறால் உரித்துக்கொண்டு கேட்ட அதே குரல்தான்.

மெர்ரின் முழுக்கக் கேட்டாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அன்னிக்குக் கட்டிப்பிடிச்சு அழுதியே. எதுக்கு அழுதே?”

அவனுக்கு அந்தக் கேள்வி எதிர்பாராதது. சாஸ்கியா சொல்லிவிட்டாள் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தான்.

“நல்லா வந்துடுச்சேன்னு,” என்றான் கடைசியில்.

“நானும் அப்படித்தான் நினைச்சேன்டா,” என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள்.

அந்த வேலை வேறொருவனுக்குப் போனது. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அதில் சேர்ந்தார்கள். அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன், நான் சேரவில்லை. மெர்ரின் ஒரு வருஷத்துக்கு மேல் எந்தப் படத்திலும் சேரவில்லை. கேமராவைச் சுற்றி நிறையப் பேர் நின்றாலே அவளுக்கு மூச்சு முட்டியது. என்னிடம் மட்டும் சொன்னாள். இப்போது டாஸ்மேனியாவில் குதிரை வைத்து எடுக்கிற சின்னத் தொடர் ஒன்றில் வேலை செய்கிறாள். விடுமுறைக்குக் கரம்பினுக்கு வருவாள். முன்பெல்லாம் ஒரு காட்சி முடிந்ததும் எப்படி இருந்தது என்று யூனிட்டில் எல்லாரையும் கேட்பாள். இப்போது யாரையும் கேட்பதில்லை. தானே திரையில் போட்டுப் பார்த்துக்கொள்கிறாளாம்.

இரண்டாம் பாகமும் வந்தது. கெஸ்ட்ரல் தொடக்கத்திலேயே செத்துப்போனாள். பாப்கார்ன் வாங்கிக்கொண்டு தாமதமாக உள்ளே போனவர்கள் அவளைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். நிக்குக்குக் கோபம் வர ஒரு காரணம் வேண்டுமே, அதற்காகச் செத்தாள். மீதிப் படம் முழுக்க அவன் அவளுடைய கழுத்துச் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு பழிவாங்கினான்.

அந்த வாரம் மெர்ரின் ஊரில் இருந்தாள். நாங்கள் பின்வராந்தாவில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சாஸ்கியா. மெர்ரின் எடுக்க மாட்டாள் என்று நினைத்தேன். எடுத்தாள். அழுகை எனக்கே கேட்டது. கெஸ்ட்ரல் சாகப் போகிறாள் என்று செட்டுக்குப் போகிறவரை தன்னிடம் சொல்லவே இல்லையாம். அன்று காலையில்தான் வசனப் பக்கங்களைக் கையில் கொடுத்தார்களாம். ஃபெர்கஸ் தன்னைக் கட்டிக்கொண்டு அழுதானாம்.

மெர்ரின் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு சமயம் அவள் கண் நிறைந்தது, வா என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன்.

“உன்னைக் கம்பத்துல கட்டினாங்களே, அன்னிக்கு வீட்டுக்கு வந்து நீ சொல்லியிருந்தா ரெண்டு பேருமா ஏதாவது பண்ணியிருக்கலாம்,” என்றாள். “இப்ப நான் உனக்கு என்ன சொல்றது?”

பிறகு போனை அணைத்து, கவிழ்த்து வைத்துவிட்டு, போர்வையின் ஒரு முனையை என் பக்கம் நீட்டினாள்.